சலத்திகாவிலிருந்து வந்த சம்பந்தி

சலத்திகாவில் ஓடும் வேன்களில் மணி கிடையாது. இறங்க வேண்டிய இடம் வந்தால் 'கீரி' என்று குரல் கொடுக்க வேண்டும். இந்தோனேசிய மொழியில் அதற்கு இடதுபக்கம் என்று பொருள். இடது ஓரமாக நிறுத்துங்கள் என்பதன் சுருக்கம். முதல் நாள் எனக்கு இது தெரியாது. 'ஐயா, தயவுசெய்து இங்கே நிறுத்த முடியுமா' என்று பாடப்புத்தகத்தில் படித்திருந்த வாக்கியத்தை மனதுக்குள் கோத்து முடிப்பதற்குள் பல்கலைக்கழக வாசல் பின்னால் போய்விட்டது. பக்கத்தில் கோழிக்கூடையோடு இருந்த பெண்மணி என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டு எனக்காக 'கீரி!' என்று கத்தினார். இந்தோனேசிய மொழி படிக்கப் போன நான் முதல் பாடத்தை வேனில் கற்றுக்கொண்டு, ஒரு கிலோமீட்டர் திரும்பி நடந்து வகுப்புக்குப் போனேன்.

எனக்கு ஊர் தக்கலைப் பக்கம். பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியை. முப்பத்தாறு வயதில் ஒரு வருட விடுப்பு போட்டுவிட்டு ஜாவா தீவின் நடுவில் ஒரு மலையடிவார ஊருக்குப் படிக்கப் போனதற்குக் காரணம் என் தம்பி ஜெபின். அவன் பயணிகள் கப்பலில் சமையல்காரன். அதே கப்பலில் சலவைப் பிரிவில் வேலை பார்த்த ரத்னாவைக் கட்டிக்கொண்டான். ரத்னா சலத்திகாக்காரி, எங்களைப் போலவே தலைமுறைகளாகத் தேவாலயத்துக்குப் போகும் ஜாவாக் குடும்பம். அதனால் மதம் ஒரு பிரச்சினையாகவே வரவில்லை. வந்தது மொழி.

ரத்னாவை வீட்டில் விட்டுவிட்டு ஜெபின் கப்பலுக்குப் போன வாரம், ஒருநாள் மதியம் பக்கத்து அறையில் அவள் போனில் தன் அம்மாவிடம் பேசிக்கொண்டே அழுதாள். சுவருக்கு இந்தப் பக்கம் நானும் அம்மாவும் இருந்தோம். ஒரு வார்த்தை புரியவில்லை. "எதுக்கு மக்ளே அழுதா? சாப்பாடு பிடிக்கல்லியா? நம்ம எதாவது சொல்லிட்டோமா?" என்று அம்மா என்னைக் கேட்டாள். ரத்னாவிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். 'ஒன்றுமில்லை' என்றாள். கப்பல் ஆங்கிலத்தில் அழுகைக்கு அவளிடம் வேறு சொல் இல்லை.

வாரம் ஒருமுறை வீடியோவில் சம்பந்திகள் இருவரும் சந்திப்பார்கள். பேச முடியாது. எங்கள் அம்மா மீன்சட்டியைத் தூக்கிக் காட்டுவாள். அந்தப் பக்கம் ரத்னாவின் அம்மா ஒரு தட்டில் எதையோ தூக்கிக் காட்டுவார். இருவரும் சிரிப்பார்கள். ஒருநாள் மொழிபெயர்க்கும் செயலியைத் திறந்து வைத்து, "சொவமா இருக்கியளா?" என்று அம்மாவைப் பேசச் சொன்னேன். தக்கலைத் தமிழைப் போன் எதுவாக மாற்றியதோ, ரத்னாவின் அம்மா உடனே எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

ஒரு வருடம் மொழியும் பண்பாடும் படிக்க உதவித்தொகை தருகிறார்கள் என்று அறிந்ததும் விண்ணப்பித்துவிட்டேன்.

வகுப்பில் பன்னிரண்டு பேர். கொரியாக்காரர்கள், ஆஸ்திரேலியர்கள், இரண்டு போலந்துக்காரர்கள். 'நாம்', 'நாங்கள்' வித்தியாசம் அவர்களை இரண்டு வாரம் படுத்தியது. இந்தோனேசிய மொழியில் 'கீத்தா' என்றால் நாம், 'காமி' என்றால் நாங்கள். எனக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சம்பந்திக்கு அங்கே 'பெசான்' என்று தனிச்சொல்லே இருக்கிறது. மணமக்களின் பெற்றோர் ஒருவருக்கொருவர் என்ன உறவு என்பதை ஆஸ்திரேலியர்களுக்கு ஆசிரியர் விளக்கி முடிக்க அரைமணி நேரம் ஆனது. அவர்கள் கடைசியில், 'அதற்கு எதற்கு ஒரு சொல்?' என்று கேட்டார்கள்.

சாப்பாடுதான் கஷ்டம். பலாக்காயைச் சர்க்கரை போட்டு வேக வைக்கிறார்கள். கோழியிலும் இனிப்பு. தேநீர் கேட்டால் பாகு. கேட்டால் மிளகாய் தனியாக அரைத்துத் தருவார்கள். அதிலும் ஒரு துண்டு வெல்லம் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் ரத்னாவின் வீட்டுக்குப் போவேன். ரத்னாவின் அம்மாவை எல்லாரும் இபு யாத்மி என்பார்கள். இபு என்றால் அம்மா. எனக்காக மட்டும் இனிப்பில்லாமல் ஒரு குழம்பு வைத்திருப்பார். ரத்னாவின் அப்பா நான்கு மாடு வளர்க்கிறார். அதிகம் பேசமாட்டார், நான் தப்பாகப் பேசினால் மாட்டைப் பார்த்துச் சிரிப்பார்.

படிப்பு முடிந்தது. எல்லாப் பாடத்திலும் முதல் தரம். செயப்பாட்டு வினைத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியது நான் ஒருத்திதான். அதற்குள் ரத்னாவுக்கு ஏழாம் மாதம். 'நானும் உன்னோடு வருகிறேன். பத்து நாள் இருந்து என் பெண்ணைப் பார்த்துவிட்டு வருகிறேன்' என்றார் இபு யாத்மி.

வெள்ளிக்கிழமை காலை வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். ரத்னா வாசலுக்கு ஓடிவரப் பார்த்தாள். எங்கள் அம்மா அவள் கையைப் பிடித்து, "மெல்ல, பிள்ளே, மெல்ல!" என்று நிறுத்திவிட்டு, அவளை நடத்திக் கொண்டுவந்து தாயின் கையில் கொடுத்தாள். இபு யாத்மி பெட்டியைத் திறந்தார். துணிமணிகள் ஒரு மூலையில் கிடந்தன. மீதி முழுக்க சலத்திகாவின் கடலை மிட்டாய். காகிதத்தில் முக்கோணமாகப் பொதிந்தது, பெட்டி பெட்டியாக. அம்மா அதைப் பார்த்துவிட்டுச் சட்டென்று திரும்பி அடுக்களைக்குப் போனாள். நான் அதைக் கவனித்தேன், அர்த்தம் பண்ணிக்கொள்ளவில்லை.

மதியத்துக்கு மரச்சீனிக் கிழங்கும் சாளைமீன் குழம்பும். கிழங்கைப் பார்த்ததும் இபு யாத்மி சிரித்துவிட்டார். 'சிங்கோங்! விருந்தாளிக்கு எங்கள் ஊரில் இதைப் போட்டால் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள்' என்றார். மொழிபெயர்க்கலாமா வேண்டாமா என்று நான் யோசிப்பதற்குள் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஆர்கன் தொடங்கியதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதே ராகத்தில் அவர்கள் ஊரிலும் பாட்டு உண்டு. நாங்கள் தமிழில் பாட, அவர் ஜாவா மொழியில் எங்களைவிட உரக்கப் பாடினார். முன் வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆராதனை முடிந்ததும் வாசலில் பத்துப் பெண்கள் சூழ்ந்துகொண்டு, "சாப்பிட்டியளா? ஊரு பிடிச்சா?" என்று கேட்க, நான் இங்குமங்கும் திரும்பி மொழிபெயர்த்தேன். பெருமையாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை கன்னியாகுமரி. கடல் கொந்தளிப்பு என்று படகை நிறுத்திவிட்டார்கள். இபு யாத்மிக்கு அதில் வருத்தமில்லை. கடலைக் கண்டதும் தோளில் கிடந்த பச்சை நிறச் சால்வையைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். ஜாவாவின் தெற்குக் கடலுக்கு ஒரு ராணி உண்டாம். அங்கே பச்சை உடுத்தி யாரும் கரையில் நிற்கமாட்டார்கள். 'நான் அதையெல்லாம் நம்புவதில்லை' என்றார். 'இங்கேயும் ராணி உண்டா?' என்று கேட்டார். கன்னியாக நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மனைப் பற்றிச் சொன்னேன். 'பார்த்தாயா' என்று பையின் ஜிப்பை இழுத்து மூடினார். சங்கு விற்பவரிடம் ஜாவா எந்தப் பக்கம் என்று கேட்கச் சொன்னார். அவர் ஒரு கணமும் தயங்காமல் கிழக்கே கைகாட்டி, "நேரே போனா வந்திரும்மா" என்றார்.

அன்று சாயங்காலம்தான் அது நடந்தது. கால் வீக்கத்தோடு ரத்னா உள்ளே படுத்திருந்தாள். அம்மாவும் இபு யாத்மியும் நானும் சாயா குடித்துக்கொண்டிருந்தோம். அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வார்த்தைகளை முன்பே எண்ணி வைத்திருந்ததுபோலச் சொன்னாள்: "அவியகிட்ட சொல்லு. ஏழாம் மாசச் சடங்கு வியாழக்கிழம. முடிஞ்ச ஒடனே பிள்ளைய தாய் வீட்டுக்கு அனுப்பி வைப்போம். மொறைக்கு ஒரு கொறையும் வராது."

நான் மொழிபெயர்த்தேன். வாக்கியம் வழுக்கிக்கொண்டு வந்தது. செயப்பாட்டு வினை.

இபு யாத்மி சாயாவை ஒரு மடக்கு குடித்தார். பிறகு ஜாவாக்காரர்கள் பெரியவர்களிடம் சொல்லும் மரியாதையான 'ஆம்' ஒன்றைச் சொல்லித் தலையசைத்தார். சிரிக்கவும் செய்தார். அம்மாவும் தலையசைத்தாள். முறைப்படி பேசி முடித்துவிட்டோம் என்று நான் நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை கீரிப்பாறை ரப்பர்த் தோட்டம். சலத்திகாவைச் சுற்றியும் ரப்பர்த் தோட்டங்கள் உண்டு. கல்யாணத்துக்கு முன் எட்டு வருடம் இபு யாத்மி பால்வெட்டு வேலை செய்திருக்கிறார். அதனால் தோட்டம் பார்க்க வேண்டும் என்று ஜாவாவிலேயே சொல்லி வைத்திருந்தார். பேருந்தில், 'கீரி' என்று தொடங்கும் அந்த ஊர்ப்பெயரைச் சொன்னேன். வேன் கதை அவருக்குத் தெரியும். வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். அன்று உதட்டளவில் சிரித்தார். பயணக் களைப்பு என்று எண்ணிக்கொண்டேன்.

தோட்டத்தில் பால் எடுக்கும் நேரம். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் சிரட்டைகளிலிருந்து வாளியில் பாலை ஊற்றிக்கொண்டே வந்தார். லில்லி என்று பெயர் சொன்னார். இபு யாத்மி ஒரு மரத்தின் வெட்டுச் சாய்வில் விரலை ஓட்டிப் பார்த்து, 'நல்ல கை' என்றார். சொன்னேன். லில்லிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

'அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் எனக்கு இந்த வாடை போகாது' என்றார் இபு யாத்மி.

"ஐயோ, எனக்கும் அப்பிடித்தான்! கோவிலுக்கும் கூடவே வரும். பக்கத்தில இருக்கியவ மூக்கப் பொத்துவா," என்றார் லில்லி.

மரத்துக்கு எத்தனை வயதில் வெட்டத் தொடங்குவது, மழைக்காலத்தில் என்ன செய்வது என்று இருவரும் அரைமணி நேரம் பேசினார்கள். நான் நடுவில் மூச்சுவாங்கினேன்.

திரும்புவதற்குப் பேருந்து வரவில்லை. கீழே எங்கோ டயர் வெடித்து நிற்கிறது என்றார்கள். நிறுத்தத்தில் நாங்கள் இருவர் மட்டும். மழை வரும் போலிருந்தது. இபு யாத்மி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்:

'ஷீபா, ஒன்று கேட்கலாமா? ரத்னா உங்கள் வீட்டில் என்ன தவறு செய்தாள்?'

'தவறா?'

'நான் சண்டை போட வரவில்லை. காரணம் தெரிந்தால் போதும். அவள் அப்பாவிடம் சொல்ல எனக்கு ஒரு வார்த்தை வேண்டும்.'

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நேற்று நான் சொன்ன வாக்கியத்தை அவரே சொல்லிக்காட்டினார். அதில் ஒரு சொல்: 'டிபுலாங்கான்'. 'புலாங்' என்றால் வீடு திரும்புதல். அதற்கு முன்னும் பின்னும் ஒட்டுகளைச் சேர்த்தால் 'வீட்டுக்கு அனுப்பப்படுதல்' என்று ஆகும். இலக்கணத்தில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் கல்யாணமான ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னால், இவள் எங்களுக்கு வேண்டாம் என்று கணவன் வீட்டார் பெற்றோரிடம் திருப்பிவிடுவது என்றுதான் அங்கே கேட்கும். அதை எனக்கு எந்தத் தேர்வும் கேட்கவில்லை.

இந்த மனுஷி அந்த வாக்கியத்தைக் கேட்டுச் சிரித்திருக்கிறார். இரவு முழுக்க அதே வீட்டில் படுத்திருக்கிறார். காலையில் எழுந்து எங்கள் அம்மா வைத்த புட்டைச் சாப்பிட்டுவிட்டு, லில்லியிடம் மழைக்காலத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே, எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொன்னேன். ஏழாம் மாதம் பெண்ணின் தாய் பலகாரங்களோடு வருவார். பெண்ணைப் பிரசவத்துக்குத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போவார். அது மரியாதை. தண்டனை இல்லை.

அவர் கண்ணை மூடித் திறந்தார். என் முதுகைத் தட்டினார். பிறகு கேட்டார்: 'சரி, அது வழக்கம். உன் அம்மாவுக்கு அவளை அனுப்ப ஆசையா?'

நான் அம்மாவிடம் கேட்டதே இல்லை.

ரப்பர்ப் பால் ஏற்றிய ஒரு டெம்போ நிறுத்தி எங்களை ஏற்றிக்கொண்டது. இபு யாத்மிக்கு முன்னால் இடம். நான் பின்னால், பீப்பாய்களுக்கு நடுவில். வளைவுக்கு வளைவு மூடி குலுங்கி என் சேலையில் பால் தெறித்தது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா அடுக்களையில் முந்திரிக்கொத்து பொரித்துக்கொண்டிருந்தாள். ரத்னா கொண்டுபோவதற்கு. அடுப்பை அணைத்துவிட்டு நடந்ததை எல்லாம் சொன்னேன். அம்மா அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் அவளத் தள்ளிவிடுவேன்னா நெனச்சாவ?"

"தப்பு எனக்கதுதான். நான் சொன்ன சொல்லு அப்பிடி."

"ஏழாம் மாசம் பெட்டி நெறைய பலகாரத்தோட ஒரு தாய் வந்து நின்னா, வேற என்ன அர்த்தம்? கூட்டிட்டுப் போவத்தான் வந்திருக்காவன்னு நெனச்சேன். வேண்டாம்னு எப்பிடிச் சொல்ல? மரியாத இல்லல்லா."

"ஒனக்கு அனுப்ப இஷ்டமா?"

"இஷ்டமா?" அம்மா என்னை முறைத்தாள். "ஏட்டி, அவ பொரண்டு படுத்தா எனக்கு முழிப்பு வருது. இந்த வயித்தோட பிளேன்ல ஏத்தி விட்டுட்டு நான் இஞ்ச என்ன செய்ய?"

இபு யாத்மி அடுக்களை வாசலில் நின்றிருந்தார். இந்த முறை நான் அவசரப்படவில்லை. அம்மா சொன்னதைச் சின்னச் சின்ன வாக்கியங்களாகச் சொன்னேன். இவர் செய்தார், அவர் நினைத்தார், இவர் பயந்தார். செயப்பாட்டு வினையைத் தொடவே இல்லை. பிளேன் என்ற இடத்தில் இபு யாத்மி உள்ளே வந்து அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

'நான் கூட்டிப்போக வரவில்லை. எனக்கும் அந்தப் பயம்தான். முதல் தடவை சம்பந்தி வீட்டுக்கு வருகிறேன், வெறுங்கையோடு வரக்கூடாதென்று மிட்டாய் வாங்கினேன். அது வெறும் மிட்டாய்தான்.'

அதை மொழிபெயர்த்தபோது அம்மா முதலில் சிரித்தாள். சிரிப்பு முடியும்போது முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் ரத்னா எழுந்து வந்தாள். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளோ. ஒரு கையை இடுப்பில் ஊன்றி, எங்கள் மூவரையும் பார்த்தாள். அவள் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

"அம்மே," என்றாள் எங்கள் அம்மாவிடம், தமிழில். "நான் பெட்டி இல்ல. அங்க கொண்டு வைய, இஞ்ச கொண்டு வைய. பெட்டி இல்ல!" தன் தாயின் பக்கம் திரும்பி, "புக்கான் பெத்தி, பு!" என்றாள்.

பெட்டிக்கு அங்கேயும் பெத்திதான். மொழிபெயர்க்கச் சொல்லி யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் மேலே பேசினாள். பாதி தமிழ், பாதி அவள் மொழி. என் டாக்டர் மார்த்தாண்டத்தில் இருக்கிறார். ஜெபினுக்கு அடுத்த விடுப்பு இங்கேதான். பிள்ளை இங்கேதான் பிறக்கும். எனக்கு இரண்டு அம்மாவும் பக்கத்தில் வேண்டும். யாராவது என்னிடம் கேட்டீர்களா?

யாரும் கேட்கவில்லைதான். ஏழு மாதமாக அவளுக்காக ஆளுக்கொரு முடிவெடுத்து, ஆளுக்கொரு பக்கம் தவித்துக்கொண்டிருந்தோம்.

இபு யாத்மி அன்று மாலையே சலத்திகாவுக்குப் போன் செய்தார். பிரசவம் வரை இருந்துவிட்டு வரட்டுமா, மாடுகளை என்ன செய்வது என்று கேட்டார். ரத்னாவின் அப்பா 'மாடுகளிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்' என்றார்.

வியாழக்கிழமைச் சடங்கு எங்கள் ஜெபத்தோடும் அவர்கள் ஊர்க் கலவையோடும் நடந்தது. ஏழாம் மாதத்துக்கு அவர்களும் சடங்கு வைத்திருக்கிறார்கள். மாங்காய், அன்னாசி, வெள்ளரி, புளிச்சிக்காய் எல்லாம் சேர்த்து வெல்லமும் மிளகாயும் இடித்துப் போட்டு 'ருஜாக்' என்று ஒன்று செய்வார்கள். காரம் தூக்கலாக அமைந்தால் பெண்பிள்ளை என்பது அவர்கள் கணக்கு. இபு யாத்மி ஜாவாக் கணக்குக்கு மூன்று மிளகாய் போட்டார். அவர் திரும்பிய நேரம் எங்கள் அம்மா எங்கள் கணக்குக்குப் போட்டுவிட்டாள். சபைப் போதகரான ஐயர் ஒரு வாய் வைத்துவிட்டு ஜெபத்தைச் சுருக்கமாக முடித்தார். முந்திரிக்கொத்தும் கடலை மிட்டாயும் ஒரே தாம்பாளத்தில் சுற்றிவந்தன.

பெண்தான் பிறந்தாள். ஜெபின் இரண்டு நாள் தாமதமாக வந்து சேர்ந்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த இரண்டு நாளும் சம்பந்திகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, எனக்குத் தெரியாத ஏதோ ஒரு மொழியில், கையும் முகமுமாக, நர்சுகளைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளைக்கு மூன்று மாதம் ஆனதும் ரத்னா அதைத் தூக்கிக்கொண்டு ஜாவா போய்த் தன் அப்பாவிடம் காட்டுவது என்று அவளே முடிவு செய்தாள். அதைக் கேட்டதும் அம்மா, "அப்ப கூட்டிட்டு வர நான் போணும். தாய் வீட்டில இருந்து பிள்ளையக் கூட்டிட்டு வர மாமியாக்காரிதான் போணும். அதுல மொற தப்பக்கூடாது," என்றாள். திருவனந்தபுரத்துக்கு அப்பால் போகாதவள். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டோம்.

போன வாரம் விசாரணைக்கு ஒரு காவலர் வந்தார். காகிதங்களைப் புரட்டிவிட்டு, "எந்த நாட்டுக்கும்மா?" என்று கேட்டார்.

"இந்தோனேசியா."

"அங்க யாரு இருக்கா?"

"சம்பந்தி."

"எதுக்குப் போறிய? சுத்திப் பாக்கவா?"

அம்மாவுக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. "சுத்திப் பாக்க எனக்கு எங்க நேரம்? மருமவ தாய் வீட்டுக்குப் போறா. நான் போயி கூட்டிட்டு வரணும்," என்றாள். காவலர் அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். அம்மா சொன்னபடியே எழுதிக்கொள்ளச் சொன்னேன்.